டைரக்ட் பண்ணிய சுவிட்சு



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வண்டி ரிப்பேர். மீதிப் பாதி, பதின்மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம். வண்டியைப் பற்றித் தெரியாதவர்களும் தயவு செய்து கடைசி வரை படித்துவிடுங்கள். முக்கியமாக நம் குடும்பத்துக்காரர்கள்.

ஆரணியில் என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பு பைக்கைப் பார்த்திருப்பீர்கள். 2003-ல் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சொன்னால் அதன் மேல் ஏதோ குறை சொல்கிறேன் என்று ஆகிவிடும். இந்தக் கதையில் கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு எத்தனையோ முறை போய் வந்த வண்டி. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அதில்தான் போவேன். 2016-க்குப் பிறகு தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டேன்.

2025 மே மாதம், காலேஜ் லீவுக்குப் பேரன் வந்தான். எலெக்ட்ரிகல் படிக்கிறான். வந்த மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த விண்டேஜ் வண்டிய நான் ரெடி பண்ணட்டுமா?" என்றான்.

"டேய், கவர்மென்ட் கணக்குல அம்பது வருஷம் ஆனாத்தான்டா விண்டேஜ். 2021-ல ரூல் போட்டாங்க. நம்பர் பிளேட்ல விஏ-ன்னு எழுத்து வரும். இதுக்கு இருபத்திரண்டுதான் ஆகுது. இந்த வீட்ல விண்டேஜ் நான் ஒருத்தன்தான்" என்றேன்.

சிரித்தான். பிறகு, "ஓட்டறதுக்கு இல்ல தாத்தா. சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்" என்றான்.

அவன் வயசுப் பையன்கள் எல்லாம் வண்டிக்கு அடம்பிடிக்கும்போது இவன் இன்று வரை பஸ்ஸில்தான் காலேஜ் போகிறான். ஏன் என்று உறவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினோம். புது பேட்டரி போட்டோம். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. ஹாரன் அடித்தது. ஹெட்லைட் எரிந்தது. செல்ஃப் பட்டனை அமுக்கினால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

"சத்தமே இல்லாதது நல்லது" என்றேன். பேரன் என்னைப் பார்த்தான்.

செல்ஃப் மோட்டாருக்கு நிறைய கரண்ட் வேண்டும். அதைச் சின்னப் பட்டன் வழியாக அனுப்பினால் பட்டன் கருகிவிடும். அதனால் பட்டன் ஒரு ரிலேயை மட்டும் இயக்கும். ரிலே 'டிக்' என்று மூடி, தடிமனான வயர் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் விடும். பட்டனை அமுக்கும்போது 'டிக்' கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் கோளாறு தடிமன் வயர் பக்கம்: பேட்டரி முனை, ரிலேயின் உள் முனைகள், மோட்டார். 'டிக்' சத்தமே வராவிட்டால் பெரும்பாலும் மெல்லிய வயர் பக்கம்: ஃபியூஸ், பட்டன், அப்புறம் அந்த இரண்டு பாதுகாப்பு சுவிட்சுகள். பாதி வண்டியைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

அந்த இரண்டு சுவிட்சு எதற்கு? பழைய புல்லட்டை நினைத்துப் பாருங்கள். 1955-ல் இருந்து மெட்ராஸில் தயாரான வண்டி. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரில் ஏறி நின்று மிதிக்க வேண்டும். முறை தெரியாமல் மிதித்தால் திருப்பி உதைக்கும். கார்களிலும் அப்படித்தான், முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றிக் கை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்குத்தான் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டர் செய்தார், 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. நம் ஊருக்குப் பட்டன் ஸ்டார்ட் பெரிதாக அறிமுகமானது 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தபோது. அதிலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் பட்டனை அமுக்க வேண்டும்.

கிக்கர் என்றால் வளர்ந்த ஆளின் கால் பலம் வேண்டும். பட்டனுக்கு ஒரு குழந்தையின் விரல் போதும். கியரில் நிற்கும் வண்டியில் செல்ஃப் மோட்டார் சுற்றினால் வண்டியே முன்னால் பாயும். அதனால்தான், ஒன்று வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், அல்லது கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும் என்று இரண்டு சுவிட்சு வைத்தார்கள். இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டுக்கும் ஒன்று இருக்கிறது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது புரியும். பட்டன், தொடர் இணைப்பு. நியூட்ரல் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் பக்க இணைப்பு. இரண்டில் ஒன்று மூடினாலும் ரிலேக்கு வழி கிடைக்கும். இரண்டும் திறந்திருந்தால் நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. இந்தப் படத்தைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் போட்டிருப்பேன்!

சரி, வேலைக்கு வருகிறேன். வண்டி நியூட்ரலில் இருந்தும் மீட்டரில் பச்சை விளக்கு எரியவில்லை. இன்ஜினின் இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் அருகில் நியூட்ரல் சுவிட்சு. அதன் வயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொடச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது. அப்படியென்றால் பல்பும் வயரும் சரி, சுவிட்சில்தான் கோளாறு. செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முனையைச் சுரண்டி மாட்டினான். விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினான். ஒன்றும் இல்லை.

அடுத்தது கிளட்ச் சுவிட்சு. லீவருக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் வயர் ஹெட்லைட் கூட்டுக்குள் போகிறது. பேரன் ஹெட்லைட்டைக் கழற்றினான். அந்த நேரத்தில் நான் "மணி ஒண்ணாச்சு, சாப்ட்டுட்டு வந்து பாக்கலாம்டா" என்றேன்.

அவன் கேட்கவில்லை. மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, வயரில் முனையைக் குத்தினான். கிளட்சைப் பிடித்தான். பீப். விட்டான். அப்போதும் பீப்.

"விட்டா நிக்கணுமே தாத்தா. சுவிட்சு ஷார்ட் ஆயிடுச்சு போல."

சுவிட்சைத் தனியாகப் பிரித்து அதில் மட்டும் சோதித்தான். பிடித்தாலும் சத்தம் இல்லை, விட்டாலும் சத்தம் இல்லை. செத்த சுவிட்சு. திரும்ப வயரில் வைத்தான். சுவிட்சே இல்லாத வயரில் பீப் வருகிறது. கூட்டுக்குள் விரலை விட்டுத் துழாவி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சை வெளியே இழுத்தான். டேப்பின் பசை உருகிப் பிசுபிசுவென்று இருந்தது. பிரித்தான். இரண்டு வயரையும் தோல் உரித்து, சுவிட்சே தேவைப்படாதபடி சேர்த்து முறுக்கியிருந்தது.

"யார் தாத்தா இத டைரக்ட் பண்ணது? எந்த மெக்கானிக்?"

மெக்கானிக் இல்லை. நான்தான்.

2011 நவம்பர். நல்ல மழை. கிளட்ச் சுவிட்சு வேலை செய்யாமல் போனது. சிக்னலில் இன்ஜின் நின்றுவிட்டால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக், "சார், வேலூர்ல இருந்து வரணும், நாலு நாள் ஆகும்" என்றார். நூறு ரூபாய்கூட ஆகாத சாமான். எனக்கு நாலு நாள் பொறுமை இல்லை. வீட்டிலேயே ஹெட்லைட்டைக் கழற்றி, இரண்டு வயரையும் உரித்து முறுக்கி, டேப் சுற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. சயின்ஸ் வாத்தியார் இல்லையா, அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்க இணைப்பில் ஒன்றை நிரந்தரமாக மூடிவிட்டால் இன்னொன்று இருந்தும் இல்லாததுதான். நான் கிளட்ச் சுவிட்சை மட்டும் ஒதுக்கவில்லை. நியூட்ரல் சுவிட்சையும் சேர்த்து ஒதுக்கிவிட்டேன். பரீட்சைத் தாளில் ஒரு பையன் இதைத் தப்பாக எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

இரண்டு மாசம் கழித்து, 2012 காணும் பொங்கல் காலை. எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவாக இருக்கும். வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்துவது என் பழக்கம். அன்று வெளியே கிளம்பி, சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு, ஹெல்மெட் எடுக்க உள்ளே போனேன். பேரனுக்கு அப்போது ஆறு வயசு. தாத்தா வண்டி என்றால் உயிர். ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினான்.

வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. முன்னால் நகர்ந்ததும் ஸ்டாண்டு மடங்கி இடது பக்கம் சாய்ந்தது. அந்த இடத்தில் என் மனைவி உட்கார்ந்து கோலத்துக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தாள். கணுக்கால் எலும்பு உடைந்தது. வேலூரில் ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ, மூன்று மாசம் படுக்கை. இப்போதும் மழைக்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். பேரனுக்கு முழங்கை சிராய்ப்பு. அதற்கு மருந்து போடுவதற்கு முன்பே என் மகள் அவனை அறைந்தாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஆளாளுக்குத் திட்டினார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாவியை வண்டியிலேயே விட்டது என் தப்புதான், குழந்தைய அடிக்காதீங்க" என்றேன். எல்லோரும், பாவம், நல்ல மனுஷன் என்றார்கள். ஒரு சின்ன உண்மையைச் சொல்லிப் பெரிய உண்மையை மறைத்தேன்.

அந்த வயர் முடிச்சு இல்லாவிட்டால் அன்று ஒன்றும் நடந்திருக்காது. வண்டி கியரில் இருந்தது. ஆறு வயசுக் கைக்குக் கிளட்ச் எட்டாது. அவன் நூறு முறை அமுக்கியிருந்தாலும் மோட்டார் சுற்றியிருக்காது. குழந்தை ஏறி அமுக்குவான் என்று யோசித்துத்தான் யாரோ அந்த சுவிட்சை வைத்திருந்தார்கள். அதை எடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு இது தெரிந்துவிட்டது. அன்று இரவே டேப்பைப் பிரித்திருக்கலாம். பிரிக்கும்போது யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று விட்டேன். அப்புறம் அந்தப் பட்டனையே தொடாமல் கிக்கரில் ஓட்டினேன். அப்புறம் தார்ப்பாய்.

இதற்கு நடுவில் நம் குடும்பத்தில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. "ஆயா கால உடைச்சவன்." கல்யாணம், காதுகுத்து, எங்கே பார்த்தாலும் அவனை அப்படித்தான் கூப்பிடுவீர்கள். தமாஷுக்குத்தான். அவனும் சிரிப்பான். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

என் அப்பா நெசவாளி. பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்திவிடுவார். நாடாவைக் கீழே வைத்து, இழையைத் தேடிப் பிணைத்த பிறகுதான் அடுத்த மிதி. கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை, இருந்தும் நிறுத்துவார். இன்று பெரிய விசைத்தறிகளில் அதற்கென்றே மெல்லிய தகடுகள் உண்டு. இழை அறுந்தால் தகடு விழும், தறி தானாக நிற்கும். அடிக்கடி நிற்கிறதே என்று தகட்டைக் கட்டிப்போட்டால் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். நான் செய்தது அதுதான், அதுவும் நெசவாளி வீட்டுப் பிள்ளையாக இருந்துகொண்டு.

பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் அமுக்கினதால இல்லியா?" என்றான்.

"நீ அமுக்கின. ஆனா அதனால இல்லடா."

எழுந்து தெருமுனை வரை போனான். அரை மணி நேரம் கழித்து வந்தான். "சாப்பிடலாம் தாத்தா" என்றான். என் மேல் கோபமா என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

மனைவியிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். மகளுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "அன்னிக்கு நான் அவன அடிச்சேன்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் புது கிளட்ச் சுவிட்சு வந்தது. பழைய முடிச்சை வெட்டி எறிந்து, வயரைச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மாட்டினான். இப்போது லீவரைப் பிடித்தால் பீப், விட்டால் அமைதி. இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை. கடைசியில் பட்டனையே பிரித்தோம். உள்ளே செம்பு முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. இத்தனை நாள் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அது. நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மூடினான்.

அப்புறம் மூன்று சோதனை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல், முன்னால் யாரும் நிற்காமல். நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

ஒன்று. நியூட்ரல், கிளட்சைப் பிடிக்காமல் பட்டன். டிக், இரண்டு சுற்று, இன்ஜின் பிடித்தது. ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சத்தம். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு. முதல் கியர், கிளட்சைப் பிடித்துக்கொண்டு பட்டன். ஸ்டார்ட் ஆனது.

மூன்று. இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, முதல் கியர், கிளட்சை விட்டுவிட்டுப் பட்டன். இந்தச் சோதனையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்தான் பாஸ்.

பேரன் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். என் மனைவி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அமுக்குடா கண்ணு" என்றாள்.

அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினான். நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தான். வண்டி அசையவே இல்லை.

ஆர்.சி. புதுப்பித்த பிறகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவசரம் இல்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு விஷயம்.

உறவுகளே, இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடாதீர்கள். தமாஷ் பண்ண வேண்டும் என்றால் என்னைப் பண்ணுங்கள். கால் உடையக் காரணம் நான். குடும்ப குரூப்பில் மட்டும் போட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷமாக நல்ல பெயரை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, தப்பை மட்டும் நாலு பேரிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது.

மாணவர்களே, இன்றே உங்கள் வீட்டு வண்டியில் நான் சொன்ன மூன்றாவது சோதனையைச் செய்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்னால் ஆள் இல்லாமல். ஸ்கூட்டர் என்றால் பிரேக்கைப் பிடிக்காமல் பட்டனை அமுக்குங்கள். மோட்டார் சுற்றினால் யாரோ டைரக்ட் பண்ணியிருக்கலாம், அல்லது சுவிட்சு கெட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கோளாறு எது என்று கண்டுபிடிக்க வயரை ஒரு நிமிஷம் சேர்த்துப் பார்ப்பது தப்பில்லை, எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். சேர்த்த வயரை அப்படியே டேப் சுற்றி விடுவதுதான் தப்பு. சாமான் வர நாலு நாள் ஆகும் என்றால் நாலு நாள் நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணுங்கள். நாலு நாள் பெரிய விஷயம் இல்லை.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன ஆனது என்று எழுதுங்கள். தப்பாகச் செய்து வைத்திருந்தாலும் எழுதுங்கள். நான் திட்ட மாட்டேன். திட்டும் தகுதி எனக்கு இல்லை.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்,
ஆரணி.